டின்னு தொங்கட்டும்

எங்கள் வீட்டில் யாராவது எதிலாவது அவசரப்பட்டால், "டின்னு தொங்கட்டும்" என்று இன்னொருவர் சொல்வார். சொன்னதும் அவசரப்பட்டவர் அடங்கிவிடுவார். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் "இன்னிக்கே தட்டு மாத்திக்கலாமே" என்றபோதும் என் மாமியார் அடுப்படியிலிருந்து இதைத்தான் சொன்னார். வந்தவர்கள் அண்ணாந்து பரணைப் பார்த்தார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி டம்ளர்களை நீட்டினேன்.

இந்தப் பேச்சை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் மலேரியா ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர். எழுபதுகளின் நடுவில், திருத்தணியில் நாங்கள் இருந்த நெசவாளர் தெருவுக்கு வாரம் ஒருமுறை சைக்கிளில் வருவார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. காக்கிச் சட்டைப் பையில் ஒரு அடையாள அட்டை இருக்கும், அதில் எழுதியிருந்திருக்கும். அப்போது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. தெருவில் எல்லோருக்கும் அவர் டின்காரர். எனக்கு அண்ணா.

கேரியரில் ஒரு பெரிய வனஸ்பதி டின் இருக்கும். அதைச் சுற்றி ஈரச் சாக்கு, மேலே வேப்பிலைக் கொத்து. உள்ளே சேஃப்டி பின் நீளத்துக்குச் சாம்பல் நிறக் குட்டி மீன்கள். கிணற்றிலும் தொட்டியிலும் அவற்றை விட்டால் கொசுப் புழுவைத் தின்னும், ஊரில் குளிர்க் காய்ச்சல் குறையும் என்று அரசாங்கம் அனுப்பியவை. மற்ற ஆட்கள் ஒரு காலையில் ஏழெட்டுத் தெரு முடிப்பார்கள். இவர் இரண்டு தெரு முடித்தால் அதிகம். காரணம், இவர் மீனைக் கொட்டமாட்டார். டின்னின் பிடியில் கயிறு கட்டி, பாதி டின் தண்ணீரில் முழுகும்படி தொங்கவிட்டு, துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்துகொள்வார். அரை மணி ஆகும். நடுநடுவே எழுந்து டின்னுக்குள் ஒரு கை, தொட்டிக்குள் ஒரு கை விட்டுப் பார்ப்பார். மறுபடி போய் உட்காருவார்.

"இன்னா நைனா, மீனு எறங்கறதுக்கு நல்ல நேரம் பாத்துகினு கீறியா?" என்பார் என் மாமியார்.

"ஆங், அத்தே. டின்னுத் தண்ணி வெயில்ல வந்த தண்ணி. உன் தொட்டித் தண்ணி நெழல்ல கெடந்த தண்ணி. ரெண்டும் ஒத்துப்போவட்டும். அப்பால மீனே வழி கேட்டுப் போவும்."

நான் அந்த வீட்டுக்கு வந்த மறுநாள்தான் அவரை முதலில் பார்த்தேன். என் அப்பா அரக்கோணத்தில் ரயில்வேயில் தண்டவாள வேலை செய்தவர். எனக்குத் தறி தெரியாது, அதில் ஏற்றும் பாவு நூல் தெரியாது, நூல் சுற்றும் ராட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மஞ்சள் கயிற்றின் ஈரம் காயவில்லை, மாமியார் என்னை ராட்டையின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். நான் சுற்றிய நூல் அறுந்தது. முடிந்தேன், மறுபடி அறுந்தது. "அரக்கோணத்துல இன்னா சொல்லிக் குடுத்து அனுப்பினாங்க, ரயிலு ஊதறதுக்கா?" என்று மாமியார் கேட்டார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது தொட்டிப் பக்கமிருந்து ஒரு குரல். "அத்தே, புதுப் பொண்ண நேத்துத்தான கூட்டிகினு வந்த? இன்னும் டின்னு தொங்கிகினு கீது. அதுக்குள்ள கவுத்துட்டியா?"

மாமியார் திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் கோபம் வருமோ சிரிப்பு வருமோ என்று அவருக்கே தெரியவில்லை. சிரிப்புத்தான் வந்தது. "எழுந்து போய் மொகம் கழுவுடி" என்றார். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் எது தப்புச் செய்தாலும், "வுடு, அவ இன்னும் டின்னுலதான் கீறா" என்றே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு, "எத்தினி நாளுடி டின்னுல இருப்ப?" என்று ஆரம்பித்தார். அது வேறு கதை.

எதையும் கை வைத்துப் பார்க்காமல் தொடமாட்டார் அந்த மனிதர். டீ கொடுத்தால் டம்ளரை மணிக்கட்டின் உள்பக்கம் ஒற்றிப் பார்ப்பார். சூடாயிருந்தால் கீழே வைத்துவிட்டுப் பேசுவார். பேச்சு சுவாரசியத்தில் டீ ஆறி ஆடை கட்டிவிடும். அப்போது எடுத்து, "இப்பத்தான் குடிக்கற பக்குவம்" என்று ஒரே மடக்கில் குடிப்பார். "அந்த ஆளுக்கு டீ போடறதும் ஒண்ணு, தவிட்டுத் தண்ணி கரைக்கறதும் ஒண்ணு" என்பார் மாமியார். ஆனாலும் போட்டுக் கொடுப்பார்.

நான் வருவதற்கு முன்னால், வீட்டுத் தொட்டியில் மீன் விடவே மாமியார் முதலில் சம்மதிக்கவில்லையாம். கிருத்திகை தவறாமல் மலையேறி முருகனைக் கும்பிடுகிறவர். கிருத்திகையன்று வீட்டில் கருவாட்டுச் சட்டியைக்கூட வெளியே வைத்துவிடுவார். "சாமி தண்ணி எடுக்கற தொட்டில மீனா?" என்று கேட்டார். டின்காரர் யோசிக்காமல் பதில் சொன்னார்: "இது கொழம்பு மீனு இல்ல அத்தே, கூலி மீனு. உனுக்கு வேல செய்ய வந்துகீது. வேலக்காரன வாசல்ல நிக்க வெப்பியா?" மாமியாருக்கு அது பிடித்துப்போயிற்று. கிருத்திகையன்று அந்தத் தொட்டியை மட்டும் சேலைத் துணியால் மூடிவைப்பார், அவ்வளவுதான்.

மீனைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் எனக்கு மலைப்படி கணக்கில்தான் மனதில் நிற்கிறது. ஒரு சித்திரை மாதம், தொட்டி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. பசி என்று நினைத்து மாமியார் சோற்றுப் பருக்கை போட்டார். டின்காரர் வந்ததும் முதலில் பருக்கையை அள்ளி எறிந்தார். இரண்டு பனையோலையைத் தொட்டிமேல் சாய்த்தார். ஒரு குடத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கி, சளசளவென்று தண்ணீரைத் தொட்டிக்குள் விழவிட்டார்.

"பசியும்தான். ஆனா இப்ப அதுக்கு மூச்சு முட்டிகினு கீது. அத்தே, மலைமேல முந்நூத்தி அறுவத்தஞ்சு படி. உச்சி வெயில்ல ஏறினா இன்னா பண்ணுவ?"

"பாதில குந்திடுவேன்."

"குந்தினா இளைப்பு அடங்கும் உனுக்கு. வேர்வ வரும், காத்து வீசும், உடம்பு ஆறிடும். மீனுக்கு அதெல்லாம் கெடையாது. தண்ணி எவ்ளோ சூடோ அவ்ளோதான் அது உடம்பும். தண்ணி சூடாச்சின்னா, சும்மா நிக்கற மீனும் படியேறிகினு கீற மீனுதான். சும்மா நிக்கறதுக்கே செலவு. மூச்சு ஜாஸ்தி வேணும், தீனி ஜாஸ்தி வேணும். ஆனா சூட்டுத் தண்ணில மூச்சுக்காத்து கம்மி. செலவு ஏறிப்போச்சு, வரத்து கொறஞ்சுபோச்சு. அதான் மேல வந்து வாயத் தொறக்குது."

"குளுரு காலத்துல?" என்று கேட்டேன் நான்.

"அடுப்ப அணைச்சு வெச்ச வீடு மாதிரிம்மா. செலவு இல்ல. அதனால பசியும் இல்ல. ஓடாது, தேடாது, அடில கெடக்கும். வெயிலுக்குப் பத்து மீனு செய்யற வேலைக்குக் குளுருக்கு முப்பது வேணும்."

நான் இதை நன்றாகக் கேட்டுக்கொண்டேன். நன்றாகக் கேட்டுக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

முதல் பிள்ளை எனக்கு ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. குளிர்க் காய்ச்சல். மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடிய ஆட்டம் இன்னும் என் முதுகுக்குத் தெரியும். அதற்கு அடுத்த வருஷம் மார்கழியில் நான் மறுபடி ஆறு மாதம். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் காய்ச்சல் விழுந்திருந்தது. மூன்றாவது வீடு எங்கள் பக்கத்து வீடு.

அந்த மாதத்தில் கஞ்சி போட்ட பாவு காயாது, தறி வேலை மந்தம். தொட்டியில் மிஞ்சிய தண்ணீரை யாரும் எடுக்கவில்லை. எங்கள் கிணறு உவர்ப்பு. நாள்கணக்கில் தெளியவைத்த தண்ணீரில் காய்ச்சினால்தான் பாவுக்குக் கஞ்சி நன்றாகப் பிடிக்கும் என்பது மாமியாரின் தீர்மானம், அதனால் கொட்டவும் விடமாட்டார். டின்காரர் முப்பது மீன் விட்டுப் போயிருந்தார். காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் அடியில் ஒரு மூலையில் அசையாமல் கிடக்கும். மேலே புழுக்கள் தலைகீழாகவும் நேராகவும் நெளிந்துகொண்டிருக்கும். தினமும் பார்ப்பேன். தினமும் வயிற்றில் கை வைத்துக்கொள்வேன். ஒரு நாள் தொட்டி விளிம்பில் கொசுவாகிப் பறக்கத் தயாராக ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன்.

மறுநாள் கிருத்திகை. மாமியார் குளித்துவிட்டு மலைக்குப் போகவேண்டும். பின்கட்டு அடுப்பில் செப்பு அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் பின்கட்டை எட்டிப் பார்க்காமலே பூ வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் சூடானால் மீனுக்குப் பசி வரும், ஓடும், புழுவைத் தின்னும் என்று டின்காரர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். வாளி வாளியாக அண்டாவைக் காலி செய்தேன்.

எப்படி ஓடின தெரியுமா! மூலையில் செத்தாற்போலக் கிடந்தவை அம்பு மாதிரிப் பாய்ந்தன. சுவரில் முட்டின, திரும்பின, தண்ணீருக்கு மேலேகூட எம்பின. நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். "தின்னுங்க, தின்னுங்க" என்றேன்.

மாமியார் வந்து அண்டாவை எட்டிப் பார்த்தார். "வெறகு பத்தல அத்தே, ஈரம். தண்ணியே வெக்கல" என்றேன். அவர் பச்சைத் தண்ணீரில் பல் கிடுகிடுக்கக் குளித்துவிட்டு மலைக்குக் கிளம்பினார். அவர் திரும்புவதற்குள் முப்பது மீனும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. புழுக்கள் பாதிக்குமேல் நெளிந்துகொண்டிருந்தன. மீன்களை ஒரு முறத்தில் வாரிக் கறிவேப்பிலைச் செடி அடியில் புதைத்தேன். என் பயத்தை என்னவென்று சொல்ல. தொட்டியைச் சரியாக வைத்துக்கொள்ளாத வீட்டில் தொட்டியையே இடித்துவிடுவார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு. அந்தத் தொட்டியை நம்பி நான்கு வீட்டுத் தறி ஓடியது. அதைவிடப் பெரிய பயம், இனிமேல் மீன் கிடைக்காது, கொசு இருக்கும், என் வயிற்றில் இருப்பது என்ன ஆகும் என்பது.

இரண்டு நாள் கழித்து டின்காரர் வந்தார். தொட்டியில் கை விட்டார். கையை எடுக்கவேயில்லை, அப்படியே நின்றார்.

"மீனு எங்கம்மா?"

"கொக்கு வந்துச்சுண்ணா. தின்னுட்டுப் போச்சு."

"முப்பதுமா?"

"பெரிய கொக்கு."

அவர் என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். கறிவேப்பிலைச் செடியடியில் புது மண் கிளறியிருந்ததையும் பார்த்தாரோ என்னவோ. "ஆங்" என்றார். எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் அவர்கள் ஆபீஸ் அட்டை ஒன்று தொங்கும். வந்த நாள், விட்ட மீன், குறிப்பு, கையெழுத்து எல்லாம் அதில் எழுதவேண்டும். அட்டையை எடுத்து வழக்கத்தைவிட நிறைய எழுதினார். மண்புழு நெளிந்தாற்போல ஒரு கையெழுத்துப் போட்டார். என்ன எழுதினார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரமே அவருடைய மேலதிகாரி வந்தார். அட்டையைப் படித்தார். டின்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்யா, நீயா இப்படி?"

"ஆமாங்க சார். தப்புத்தான்."

"இத்தினி வருஷ சர்வீஸு. புதுசா வந்த பையன்கூடப் பண்ணமாட்டான்."

நாலு வீட்டுப் பெண்கள் எதிரில் திட்டினார். டின்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தொட்டிக்கு வலை போடாமல் கொக்குக்கு விட்டதற்காகத் திட்டு வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் பொய்யால் ஒரு நல்ல மனுஷன் தலை குனிந்து நிற்கிறான் என்று உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வயிற்றில் பிள்ளை உதைத்தது.

மறுநாள் புது மீன் வந்தது. வழக்கம்போல டின்னைத் தொங்கவிட்டார். உட்கார்ந்தார். ஒத்துப்போனதும் டின்னை மெல்லச் சாய்த்தார். மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே நழுவின. எழுந்து சாக்கை உதறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், தொட்டியைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த வாட்டி கொக்குக்கு வென்னீரு வெக்காம பாத்துக்கம்மா."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அவர் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கிணற்றில் ஒரு வாளி இறைத்து, அதில் என் கையைப் பிடித்து முக்கினார். மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"தெனம் வெயில் வந்தப்பறம் அஞ்சு கொடம். ஓரமா ஊத்து. ஒரு கொடத்துக்கும் அடுத்த கொடத்துக்கும் நடுவுல வெத்தலை போட்டுத் துப்பற நேரம் வுடு. அந்த முருங்கைக் கெளைய வெட்டு, தொட்டிமேல வெயில் வுழட்டும். அதுக்குப் பசி தானா வரும். பசிய நாம அடிச்சு வரவெக்க முடியாதும்மா."

அப்படியே செய்தேன். நாலாவது நாள் மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்தன. பத்தாவது நாள் தேடிப் பார்த்தும் ஒரு புழு கண்ணில் படவில்லை. காய்ச்சல் வராமலிருக்க அவர் கொடுத்த கசப்பு மாத்திரையையும் தவறாமல் விழுங்கினேன். எது காப்பாற்றியது என்று எனக்குத் தெரியாது. தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. பங்குனியில் மகள் பிறந்தாள்.

குழந்தைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வந்தார். மாமியார் காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்தி, குளிப்பாட்ட வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார். டின்காரர் டின்னை இறக்கி வைத்துவிட்டு நேராக வந்து, வாளியில் முழங்கையை விட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஆறட்டும் அத்தே."

"ஏழு பிள்ளைக்கு ஊத்தினவ நைனா நானு!"

"அந்த ஏழும் வேற. இது இப்பத்தான டின்னுலேர்ந்து வந்துகீது."

அந்தக் கோடையோடு அவருக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் மாற்றலாயிற்று. கடைசியாக வந்த அன்று சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போனேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "தண்ணிய பாத்துக்கம்மா" என்றார். அதோடு போய்விட்டார். நான் சொல்லவேயில்லை.

மகள் பள்ளிக்கூடம் போனபோது நானும் கூடவே படித்தேன். அவள் சிலேட்டில் எழுதுவதை நான் அடுப்புக் கரியால் தரையில் எழுதுவேன். சினிமா போஸ்டர், பஸ் போர்டு, மளிகைப் பொட்டலத் தாள் எதையும் விடமாட்டேன். அவள் இரண்டாம் வகுப்பு வந்த வருஷம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கதவை நகர்த்தினோம். ஆணியில் அந்த அட்டை அப்படியே தொங்கியது. தூசியைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டினேன். பழைய மார்கழியின் கட்டத்துக்கு வந்தேன். கொக்கு என்று இருக்கும் என நினைத்தேன். இல்லை.

"மீன் முப்பதும் இறந்தன. டின் நீரும் தொட்டி நீரும் ஒத்துப்போகும் முன் அவசரப்பட்டு விட்டது என் தவறு. புது மீன் தேவை."

மூன்று முறை படித்தேன். சுவர் சூழ்ந்த முற்றத்தில் ஒரே நாளில் முப்பது மீனைத் தின்னும் கொக்கை எந்த அதிகாரியும் நம்பமாட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பிழைப்பில் எதை ஒருநாளும் செய்யமாட்டாரோ, அதைச் செய்ததாகத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குத்தான் அன்றைக்கு அத்தனை பேர் எதிரில் நின்றிருக்கிறார்.

"இன்னாடி, அட்டைய வெச்சுகினு அழுவுற?" என்றார் மாமியார், சுண்ணாம்பு மட்டையும் கையுமாக.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அத்தே, அந்த மீனுங்கள கொக்கு தின்னல. நான்தான் உன் குளிக்கற வென்னீர ஊத்திக் கொன்னுட்டேன்."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அன்னிக்கு அண்டாவத் தொட்டேன், சுட்டுச்சு. வெறகு பத்தலன்னா அண்டா எப்பிடிடி சுடும்?" மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார். "உன்ன இழுத்துவெச்சுக் கேக்கணும்னுதான் அந்த ஆளுகிட்ட சொன்னேன். 'பயந்து போய்க் கீது அத்தே, வயித்துப் பொண்ணு. கேக்காத. அதுவே வந்து சொல்லும். டின்னு தொங்கட்டும்'னு சொல்லிட்டுப் போனாரு."

சுவரில் ஒரு இழு இழுத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். சுண்ணாம்புச் சொட்டு மூக்கில் ஒட்டியிருந்தது.

"எட்டு வருசம் தொங்க வுட்டுட்டியேடி" என்றார்.